ஒரு நீர்க்கீற்றும் இரண்டு முகடுகளும்

நீர் மூலக்கூறு ஒன்றில் பத்து எலக்ட்ரான்கள் இருக்கின்றன. அவற்றில் இரண்டு, ஆக்சிஜன் அணுக்கருவை ஒட்டி உள்ளே பதுங்கிக் கிடப்பவை. மீதி எட்டும் வெளியே உலவுபவை. ஹைட்ரஜனைப் பிடித்து வைத்திருப்பது, பக்கத்து மூலக்கூறோடு கைகோத்துக்கொள்வது, உப்பைக் கரைப்பது என்று வேதியியலாக நாம் படிக்கும் எல்லாமே இந்த எட்டின் வேலை. இவை எந்தெந்த ஆற்றலில் இருக்கின்றன, மூலக்கூறின் எந்தப் பகுதியில் எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதைத்தான் எலக்ட்ரான் அமைப்பு என்கிறோம்.

ஆவியில் தனியாகத் திரியும் நீர் மூலக்கூறுக்கு இந்தக் கணக்கைத் துல்லியமாகப் போட்டுவிடலாம். பனிக்கட்டியிலும் பெரிய சிக்கலில்லை. அது படிகம், ஒரு மூலையைப் புரிந்துகொண்டால் மற்ற இடங்களிலும் அதே அமைப்புதான். திரவம்தான் இரண்டுங்கெட்டான். மூலக்கூறுகள் படிகத்தில் போலவே நெருங்கிக் கிடக்கின்றன, ஆனால் வரிசை கிடையாது. ஒரு மூலக்கூறைப் பக்கத்து மூலக்கூறோடு இணைக்கும் ஹைட்ரஜன் பிணைப்பு ஏறத்தாழ ஒரு பிக்கோ நொடி தாக்குப்பிடிக்கும். அதாவது நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. அதற்குள் அறுந்து வேறொரு மூலக்கூறோடு கூட்டுச் சேர்ந்துவிடும். இப்படி இடைவிடாமல் ஆள் மாறும் கூட்டத்தில் எலக்ட்ரான்கள் எப்படி இருக்கின்றன என்று கேட்பதற்கு வாய்த்த கருவிதான் எக்ஸ் கதிர் நிறமாலையியல்.

எக்ஸ் கதிர் என்றதும் எலும்பின் நிழற்படம் நினைவுக்கு வரும். இது அதுவல்ல. படிகத்தின் மேல் கதிரைப் பாய்ச்சி, அது சிதறும் கோணங்களை வைத்து அணுக்களின் இருப்பிடத்தைக் கண்டுபிடிக்கும் முறையும் அல்ல. இங்கே படம், கோணம் எதுவும் வேண்டாம். எவ்வளவு ஆற்றல் உள்ளே போனது, எவ்வளவு வெளியே வந்தது என்ற வரவு செலவுக் கணக்கு மட்டும்தான்.

அந்தக் கணக்கின் அலகு எலக்ட்ரான் வோல்ட். சில எண்களை மனதில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிதாகும். நீரில் ஒரு ஹைட்ரஜன் பிணைப்பை அறுக்க ஏறத்தாழ 0.2 எலக்ட்ரான் வோல்ட் போதும். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் ஒரு ஃபோட்டானில் இருப்பது 2, 3. திரவ நீரின் வெளி எலக்ட்ரான்களில் மிகத் தளர்வாக இருப்பதைப் பிடுங்கி எடுக்க 11-க்குச் சற்று மேல் வேண்டும். உள்ளே பதுங்கிய இரண்டில் ஒன்றைப் பிடுங்கவோ, 538 வேண்டும்.

0.2 அளவிலான பிணைப்பைப் பற்றித் தெரிந்துகொள்ள 538-ஐ இறைப்பது எறும்பைப் பிடிக்கப் பீரங்கி கொண்டுவருவது போலத் தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் உள் எலக்ட்ரானைக் குறிவைப்பதில் இரண்டு லாபங்கள் உண்டு.

முதலாவது, தனிமங்களைப் பிரித்தறிய முடிவது. உள் எலக்ட்ரான் வேறு அணுக்களோடு கலப்பதில்லை, தன் அணுக்கருவோடு மட்டும் உறவு. அதனால் அதன் ஆற்றல் அந்தத் தனிமத்துக்கே உரியது. கார்பனுக்கு 284 அளவில், நைட்ரஜனுக்கு 410, ஆக்சிஜனுக்கு 540-ஐ ஒட்டி, இரும்பின் ஆக உள்ளே இருக்கும் எலக்ட்ரானுக்கு 7112. தனிமங்கள் உமிழும் எக்ஸ் கதிரின் அதிர்வெண் அணு எண்ணைப் பொறுத்துச் சீராக ஏறுகிறது என்பதை ஹென்றி மோஸ்லி 1913-லேயே காட்டிவிட்டார். கரைசலில் நீர் மூலக்கூறுகள் கூட்டம் கூட்டமாக இருந்து, நைட்ரஜன் உள்ள மூலக்கூறு அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தாலும், கதிரை 410-க்கு அருகே வைத்தால் நைட்ரஜன் பெயர் சொல்லிக் கூப்பிட்டது போல எழுந்து நிற்கும். நீரும் கதிரைக் கொஞ்சம் விழுங்கத்தான் செய்யும், ஆனால் அது மேடுபள்ளம் இல்லாத பின்னணி. புற ஊதா ஒளியில் இந்த வசதி இல்லை. அது எல்லோருடைய வெளி எலக்ட்ரான்களையும் சேர்த்துக் கிளப்பிவிடும். எந்தக் குரல் யாருடையது என்று பிரிப்பது பெரும்பாடு.

இரண்டாவது லாபம் இடத்தைப் பற்றியது. உள் எலக்ட்ரான் ஒரே அணுவோடு ஒட்டிக் கிடப்பதால், அது எட்டித் தொடும் வெளி மட்டங்களும் அந்த அணுவின் அக்கம்பக்கத்தில் இருப்பவையாகவே இருக்கும். ஒரு அணுவின் மேல் உட்கார்ந்துகொண்டு அதன் சுற்றுப்புறத்தைப் பார்ப்பது போல.

இனி, உள் எலக்ட்ரானைத் தட்டினால் என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். கதிரின் ஆற்றல் சரியாகப் பொருந்தினால் அந்த எலக்ட்ரான் மேலே காலியாக இருக்கும் ஏதாவது ஒரு மட்டத்துக்குத் தாவும். கதிரின் ஆற்றலைச் சிறிது சிறிதாக ஏற்றிக்கொண்டே போய், எந்தெந்த இடத்தில் அதிகமாக விழுங்கப்படுகிறது என்று குறித்தால் கிடைப்பது உட்கவர் நிறமாலை. அது காலி மட்டங்களின் பட்டியல். தேவைக்கு மேல் ஆற்றலைக் கொடுத்தால் எலக்ட்ரான் மூலக்கூறை விட்டே பறந்துவிடும். பறந்ததன் வேகத்தை அளந்து, அந்த வேகத்துக்கான ஆற்றலைக் கொடுத்த ஆற்றலிலிருந்து கழித்தால், அது எவ்வளவு இறுக்கமாகக் கட்டுண்டு இருந்தது என்று தெரியும். இது ஒளி எலக்ட்ரான் நிறமாலை. பள்ளியில் படித்த ஒளிமின் விளைவேதான்; அளக்கும் நேர்த்திதான் வேறு. இந்த நேர்த்திக்காக ஸ்வீடனின் உப்சாலாவில் இருந்த காய் சீக்பானுக்கு 1981-ல் நோபல் பரிசு கிடைத்தது. அவருடைய அப்பா மான்னே சீக்பானும் எக்ஸ் கதிர் நிறமாலையியலுக்காகவே 1924-ம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றவர்.

எலக்ட்ரான் போன இடம் காலியாக நிற்கும். ஆக்சிஜனில் அந்தக் காலியிடம் 4 ஃபெம்டோ நொடி அளவே தாங்கும். ஃபெம்டோ நொடி என்பது பிக்கோ நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதற்குள் வெளி எலக்ட்ரான் ஒன்று கீழே விழுந்து இடத்தை நிரப்பிவிடும். விழும்போது மிஞ்சும் ஆற்றலை என்ன செய்வது? பெரும்பாலும் அதை இன்னொரு வெளி எலக்ட்ரானின் தலையில் கட்டி அதை வெளியே துரத்திவிடும். 1920-களின் தொடக்கத்தில் லீஸ மைட்னரும் பியேர் ஓஜேயும் தனித்தனியாகக் கண்டது இது. வெகுகாலம் ஓஜேயின் பெயர் மட்டுமே அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. மைட்னரின் பெயரையும் சேர்த்துச் சொல்லும் வழக்கம் அண்மைக் காலத்தில்தான் பரவுகிறது. நூற்றில் ஒன்றுக்கும் குறைவான முறைதான் அந்த ஆற்றல் எக்ஸ் கதிராக வெளியே வரும். இந்த அபூர்வக் கதிரைச் சேகரித்து ஆற்றல்வாரியாகப் பிரித்தால் கிடைப்பது வெளியிடு நிறமாலை. விழுவது வெளி எலக்ட்ரான் என்பதால், அது நிரம்பிய மட்டங்களைச் சொல்லும். உட்கவர் நிறமாலை காலி வீடுகளைக் காட்டினால், வெளியிடு நிறமாலை ஆள் குடியிருக்கும் வீடுகளைக் காட்டுகிறது.

கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் திரவத்தை அளவீட்டுக்கு உட்படுத்துவதிலேயே ஆராய்ச்சியாளர்கள் பல பத்தாண்டுகள் அல்லாடினார்கள். 540 எலக்ட்ரான் வோல்ட் அளவிலான மென் எக்ஸ் கதிர் காற்றிலேயே நின்றுவிடும். எனவே எல்லாவற்றையும் வெற்றிடத்துக்குள் வைக்க வேண்டும். நீருக்குள் நுழைந்தாலும் ஒரு மைக்ரோமீட்டரைத் தாண்டுவதற்குள் பெரும்பகுதி விழுங்கப்பட்டுவிடும். வெளியேறும் எலக்ட்ரான்களின் பாடு இன்னும் மோசம். ஆற்றலை இழக்காமல் தப்பி வருபவை மேற்பரப்பின் சில நானோமீட்டருக்குள் பிறந்தவை மட்டுமே. இதற்கிடையில் நீரைக் கிண்ணத்தில் வைத்து வெற்றிடத்துக்குள் நுழைத்தால் என்ன ஆகும்? 20 டிகிரி செல்சியஸில் நீரின் ஆவியழுத்தம் 23 மில்லிபார். கொதித்து, தானே குளிர்ந்து உறைந்து, கலம் முழுக்க ஆவியை நிரப்பிவிடும்.

காய் சீக்பானும் அவர் மகன் ஹான்ஸ் சீக்பானும் 1973-ல் இதற்கு ஒரு வழி கண்டார்கள். ஃபார்மமைடு என்ற, எளிதில் ஆவியாகாத திரவத்தை மெல்லிய தாரையாக வெற்றிடத்தில் பாயவிட்டு அளந்தார்கள். நீருக்கு அது போதவில்லை. 1980-களில் ஜெர்மனியின் கோட்டிங்கனில் மான்ஃபிரெட் ஃபாபெல் தாரையை இன்னும் ஒல்லியாக்கினார். அவருடைய யோசனை இதுதான்: தாரையின் தடிமன் மிகச் சிறியதாக இருந்தால், மேற்பரப்பை விட்டுக் கிளம்பும் ஆவி மூலக்கூறுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாமலேயே சிதறிப் போய்விடும். அப்போது திரவத்தைச் சுற்றி அடர்ந்த ஆவிப் போர்வை உருவாகாது. எலக்ட்ரான்கள் தடையில்லாமல் அளவிக்கு வந்து சேரும்.

இன்று இதை மைக்ரோஜெட் என்கிறார்கள். 20 மைக்ரோமீட்டர் துளையுள்ள நுனியிலிருந்து, நொடிக்கு 50 மீட்டர் வேகத்தில் பீறிடும் நீர்க்கீற்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். தலைமயிரைவிட ஒல்லி. இவ்வளவு வேகமாகப் பாய்ந்தும் ஒரு நிமிடத்தில் செலவாவது கிட்டத்தட்ட ஒரு மில்லிலிட்டர் நீர்தான். நுனியிலிருந்து சில மில்லிமீட்டர் தூரத்துக்குக் கீற்று கண்ணாடிக் கம்பி போல வழுவழுப்பாக நிற்கும், அதன் பிறகு துளித்துளியாக உடைந்துவிடும். அந்த வழுவழுப்பான பகுதியில்தான் எக்ஸ் கதிர் பட வேண்டும். நீரில் கொஞ்சம் உப்பும் சேர்த்திருப்பார்கள். இல்லாவிட்டால் எலக்ட்ரான் போகப் போகக் கீற்றில் மின்னேற்றம் சேர்ந்து அளவீடு இடம்பெயரும். எதிர்ப்பக்கத்தில் திரவ நைட்ரஜனால் குளிர்விக்கப்பட்ட பொறி துளிகளைப் பிடித்து உறைய வைக்கும். உறைந்த பனி சில சமயம் ஊசியாக வளர்ந்து, கீற்று வரும் வழியிலேயே நுனியை நோக்கி ஏறிவந்துவிடும். அப்புறம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுப் பனியை உருக்க வேண்டியதுதான்.

கீற்றின் பெரிய நன்மை, ஒவ்வொரு கணமும் புது நீர் வருவது. எக்ஸ் கதிர் பட்டுச் சிதைந்த மூலக்கூறுகள் அளவீட்டைக் கெடுப்பதற்குள் பறந்து போய்விடும். எலக்ட்ரானுக்குப் பதில் ஃபோட்டானை மட்டும் அளப்பதாக இருந்தால் வேறு வழியும் உண்டு: 100 நானோமீட்டர் தடிமனுள்ள சிலிக்கான் நைட்ரைடு சவ்வின் பின்னால் திரவத்தை ஓடவிட்டு, சவ்வின் வழியே கதிரை உள்ளே அனுப்பி வெளியே எடுக்கலாம்.

இதில் என்ன பலன் என்பதற்கு எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு இமிடசோல். ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தின் பக்கக்கிளையில் இருக்கும் சிறு வளையம் இது. வளையத்தில் இரண்டு நைட்ரஜன்கள். ஒன்றில் ஹைட்ரஜன் ஒட்டியிருக்கும், மற்றதில் இருக்காது. கரைசல் காரமாக இருக்கும்போது ஒளி எலக்ட்ரான் நிறமாலை எடுத்தால், நைட்ரஜன் பகுதியில் இரண்டு தனித்தனி முகடுகள் தெரியும். ஒரே தனிமம், ஒரே மூலக்கூறு. ஆனாலும் ஹைட்ரஜன் ஒட்டிய நைட்ரஜனின் உள் எலக்ட்ரான் சற்று இறுக்கமாகக் கட்டுண்டிருக்கிறது. இப்போது கரைசலை அமிலமாக்கினால் வெறுமையாக இருந்த நைட்ரஜனும் ஒரு புரோட்டானை ஏற்றுக்கொள்ளும். இரண்டும் சமமாகிவிடும், இரண்டு முகடுகளும் ஒன்றாகிவிடும். புரோட்டான் ஏறியதைக் கண்ணால் பார்த்தது போலத்தான். நிறமாலையை வாசிக்கப் பழகுபவர்கள் இந்த ஒரு படத்தை வைத்துத் தொடங்கலாம்.

அடுத்து நீரையே பார்க்கலாம். இங்கேதான் வாசிப்பு சிக்கலாகிறது.

திரவ நீரின் ஆக்சிஜன் உட்கவர் நிறமாலையில் மூன்று இடங்களைக் கவனிக்க வேண்டும். 535 எலக்ட்ரான் வோல்ட்டில் ஒரு சிறு முகடு, 537-538 அளவில் முதன்மை முகடு, 541-ஐ ஒட்டி அகன்ற மேடு. பனிக்கட்டியில் கடைசி மேடு ஓங்கி நிற்கும், 535-ல் உள்ள முகடு அடங்கியிருக்கும். திரவத்தில் 535 முகடு தெளிவாக எழுகிறது, கடைசி மேடு தணிகிறது. ஹைட்ரஜன் பிணைப்பு அறுந்தோ கோணியோ இருக்கும் மூலக்கூறுகள் 535-க்கும், ஒழுங்காகக் கட்டுண்டவை 541-க்கும் வலுச் சேர்க்கின்றன என்று பொதுவாகக் கொள்ளலாம். இதுவரை பெரிய தகராறு இல்லை.

எத்தனை மூலக்கூறுகள் கோணியிருக்கின்றன என்பதில்தான் தகராறு. பாடப்புத்தகத்து நீரில் ஒவ்வொரு மூலக்கூறையும் சுற்றி நான்முகி வடிவில் நான்குக்குச் சற்றுக் குறைவான பிணைப்புகள் இருக்கும். 2004-ல் ஆண்டர்ஸ் நீல்சன் உள்ளிட்ட குழு சயன்ஸ் இதழில் வேறு கதை சொன்னது: அறை வெப்பநிலையில் 80 சதவீத மூலக்கூறுகளுக்கு வலுவான பிணைப்புகள் இரண்டுதான், ஒன்று தன் ஹைட்ரஜன் வழியே கொடுத்தது, ஒன்று பக்கத்து மூலக்கூறின் ஹைட்ரஜன் வழியே வாங்கியது. அப்படியானால் நீர் என்பது சங்கிலிகளும் வளையங்களுமான கூட்டம் என்றாகிறது. அதே ஆண்டே, அதே இதழில், பெர்க்லியின் ரிச்சர்ட் சேகல்லி குழு மறுத்தது. அவர்கள் மைக்ரோஜெட்டில் நீரை உறைநிலைக்கும் கீழே குளிரவைத்து, வெப்பநிலையோடு நிறமாலை மாறும் விதத்தை அளந்தார்கள். பிணைப்பு சற்றுக் கோணினாலே நிறமாலை இந்த அளவுக்கு மாறிவிடும், நான்முகி நீரைக் கைவிடத் தேவையில்லை என்பது அவர்கள் வாதம். இரு தரப்பு வளைகோடுகளும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதற்குச் சொன்ன பொருள்தான் வேறு வேறு. நிறமாலை ஒரு சராசரி. கோடானுகோடி மூலக்கூறுகளின் வெவ்வேறு நிலைகள் ஒரே கோட்டில் கலந்து கிடக்கின்றன. அதிலிருந்து ஒரு மூலக்கூறின் கதையைப் பிரிக்கக் கணினிக் கணக்கீடு வேண்டும். கணக்கீடோ, உள்ளே காலியிடம் விழுந்த மூலக்கூறைச் சரியாகக் கையாள வேண்டும். என்னைக் கேட்டால், இந்தத் துறையில் உழைப்பு அதிகம் போவது அளப்பதில் அல்ல, இந்த வாசிப்பில்தான்.

நான்கு ஆண்டு கழித்து வெளியிடு நிறமாலையிலும் இதே கதை. நீரின் ஆக்சிஜனில் பிணைப்பில் சேராத தனித்த இரட்டை எலக்ட்ரான்கள் உண்டு. அவற்றில் ஒன்று உள் காலியிடத்தில் விழுந்தால் 526 எலக்ட்ரான் வோல்ட் அளவில் எக்ஸ் கதிர் வரும். ஆவியில் அது ஒற்றை முகடு. திரவத்தில் துல்லியமாக அளந்தபோது, அது ஒரு எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் குறைந்த இடைவெளியில் இரண்டாகப் பிளந்து நின்றது.

2008-ல் இதற்கு இரண்டு விளக்கங்கள் வந்தன. ஒன்று: நீரில் இரண்டு வகை மூலக்கூறுகள் இருக்கின்றன, பனிக்கட்டியைப் போல ஒழுங்காகக் கட்டுண்டவை ஒரு முகட்டையும், கோணிக் கிடப்பவை மற்றதையும் தருகின்றன. மற்றது: இருப்பது ஒரே வகைதான், பிளவை உண்டாக்கியது அளவீடே. உள்ளே காலியிடம் விழுந்ததும் மூலக்கூறின் சமநிலை குலைகிறது. ஹைட்ரஜன் மிக லேசானது, அந்த 4 ஃபெம்டோ நொடிக்குள்ளேயே தன் இடத்தை விட்டு நகரத் தொடங்கிவிடுகிறது. நகர்வதற்கு முன் விழுந்த எலக்ட்ரான் ஒரு ஆற்றலையும், நகர்ந்த பின் விழுந்தது வேறு ஆற்றலையும் தருகிறது.

இரண்டாவது கட்சிக்குக் கனநீர் துணை நின்றது. ஹைட்ரஜனுக்குப் பதில் இருமடங்கு எடையுள்ள டியூட்டிரியம் இருந்தால் நகர்வு மந்தமாகும். உண்மையிலேயே கனநீரில் இரு முகடுகளின் விகிதம் மாறியிருந்தது. முதல் கட்சியோ வெப்பநிலையைக் காட்டியது: நீரைச் சூடாக்கினாலும் விகிதம் மாறுகிறதே, அது அமைப்பு மாறுவதற்கான அடையாளம் அல்லவா? இரண்டு தரப்பிலும் நியாயம் இருந்ததால் வாதம் பதினைந்து ஆண்டுக்கு மேல் நீண்டது.

ஹைட்ரஜன் அசையவே முடியாத அளவு குறுகிய நேரத்தில் அதே ஆற்றலை அளந்துவிட்டால் விடை தெரிந்துவிடும். எலக்ட்ரான்களைச் சுழலவிட்டு எக்ஸ் கதிரை உண்டாக்கும் சிங்க்ரோட்ரான் வளையங்களில் இதற்கு வழியில்லை, அவற்றின் எக்ஸ் கதிர்த் துடிப்புகள் பிக்கோ நொடிகள் நீளமானவை. கலிஃபோர்னியாவின் ஸ்லாக் ஆய்வகத்தில் 2009-ல் இயங்கத் தொடங்கிய கட்டற்ற எலக்ட்ரான் லேசர், ஃபெம்டோ நொடித் துடிப்புகளைத் தந்தது. 2015-ல் எத்தனாலில் கரைந்த இரும்பு பென்டாகார்பனைல் ஒரு கார்பன் மோனாக்சைடை இழந்த பிறகு என்னவாகிறது என்பதை ஆர்பிட்டால்வாரியாக, அதாவது எலக்ட்ரான் மட்டம் ஒவ்வொன்றாக, தொடர்ந்து பார்த்தது அங்கேதான். நீரின் முகடுகளுக்கு அதுவும் போதாது. ஃபெம்டோ நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கான அட்டோ நொடி அளவில் துடிப்புகள் தேவைப்பட்டன. அவையும் ஒன்றல்ல, ஒன்றின் வாலைப் பிடித்தபடி வரும் இரண்டு.

2024-ல் சயன்ஸ் இதழில் வந்த சோதனை இந்த இரட்டைத் துடிப்பை, தகடு போல மெல்லியதாகப் பரப்பிய நீரில் செலுத்தியது. இதன் தந்திரம் எளிமையானது. வெளியிடு நிறமாலையில் வெளி எலக்ட்ரான் உள் காலியிடத்துக்கு விழுகிறது. இங்கே அதைத் தலைகீழாக்கினார்கள். முதல் துடிப்பு தனித்த இரட்டையிலிருந்து ஒரு எலக்ட்ரானைத் தட்டிவிட்டு வெளியே ஒரு காலியிடத்தை உண்டாக்குகிறது. ஒரு ஃபெம்டோ நொடிகூட ஆவதற்குள் இரண்டாவது துடிப்பு வந்து, உள் எலக்ட்ரானை அந்த இடத்துக்கு ஏற்றிவிடுகிறது. இரண்டு மட்டங்களுக்கும் இடையிலான ஆற்றல் வித்தியாசம் முன்பு அளந்த அதே வித்தியாசம்தான். ஆனால் இம்முறை ஹைட்ரஜனுக்கு நகர நேரமே இல்லை. நீரில் உண்மையிலேயே இரண்டு வகை மூலக்கூறுகள் இருந்திருந்தால் பிளவு இங்கேயும் தெரிய வேண்டும். தெரியவில்லை. பழைய பிளவுக்குக் காரணம் காலியிடம் விழுந்த பிறகு நடந்த நகர்வுதான், சாதாரண நிலையிலுள்ள நீரில் இரண்டு அமைப்புகள் இருப்பதற்கு அது சான்றல்ல என்று அந்தக் குழு முடிவுக்கு வந்தது.

இதை வைத்து நீரில் இரு வகை அமைப்பு என்ற கருத்தே முடிந்துவிட்டது என்று சிலர் எழுதிவிட்டார்கள். அது மிகை. உறைநிலைக்கு வெகு கீழே, இன்னும் உறையாமல் நிற்கும் குளிர்ந்த நீரில் இரண்டு வகைத் திரவங்கள் உண்டா என்ற கேள்வி வேறு அளவீடுகளின் மேல் நிற்பது. 526-க்கு அருகே தெரிந்த இரட்டை முகடு இனி அந்த வழக்கில் சாட்சி சொல்ல முடியாது, அவ்வளவுதான்.